விளையும் வேதமும்

விளவங்கோட்டுப் பக்கத்துக் கோழிக்கு ஒரு காலத்தில் தீனி என்று யாரும் தனியாகப் போட்டதில்லை. முற்றத்தைக் கிளறும், உரக்குழியில் கொத்தும், பொழுது சாய்ந்தால் தானே கூட்டில் அடையும். அந்தக் கோழியின் மேல் 1920-களில் ஓர் அமெரிக்கர் கண் வைத்தார். டி. ஸ்பென்சர் ஹாட்ச் என்று பெயர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர், ஒய்.எம்.சி.ஏ.வின் ஆளாக வந்து மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு மையம் நடத்தியவர். வெள்ளை லெகார்ன் சாவல்களை வரவழைத்து நாட்டுக்கோழியோடு சேரவிட்டார். முட்டை பெரிதானது. அதைத் தரம் பிரித்துக் கூட்டுறவாக விற்கும் ஏற்பாடும் வந்தது.

ஹாட்சின் கணக்கில் அதுவும் வேத வேலைதான். ஆவி, அறிவு, உடல், சமூகம், பொருள் என்று ஐந்து பக்கமும் சேர்ந்து வளர்ந்தால்தான் மனுஷன் வளர்ந்ததாக அர்த்தம் என்பது மார்த்தாண்டம் மையத்தின் கொள்கை. ஜெபத்தையும் கோழிக்கூட்டையும் ஒரே பட்டியலில் வைத்தது வெளியூர்க்காரர்களுக்குப் புதுமையாகப் பட்டிருக்கலாம். குமரி மாவட்டத்துக்கு அது அத்தனை புதுசு இல்லை. அதற்கு நூறு வருஷம் முன்பிருந்தே இங்கே வேதப்புத்தகமும் மம்பட்டியும் ஒரே வீட்டில்தான் புழங்கின.

ஆத்துமாவைத் தோட்டமாகப் பார்ப்பது கிறிஸ்தவத்தில் பழைய வழக்கம். விதைக்கிறவன், முள்ளில் விழுந்த விதை, கோதுமைக்குள் முளைத்த களை, காய்க்காத அத்திமரம், கிளை நறுக்கப்படும் திராட்சக்கொடி என்று சுவிசேஷங்களில் பாதி உவமை மண்ணில் கிடக்கிறது. வீட்டுக்குப் பின்னால் புல்வெளி வைத்திருக்கும் நாடுகளில், சனிக்கிழமை புல் வெட்டும்போது தோன்றுகிற தியானமாக அது சுருங்கிவிட்டது. இங்கே கதை வேறு. பனை ஏறி, நாற்று நட்டு, அடுத்தவன் வயலில் அறுத்து வாழ்ந்தவர்களிடம்தான் அந்த உவமைகள் வந்து சேர்ந்தன. மண் யாருடையது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

அப்போது தென் திருவிதாங்கூராக இருந்த இந்தப் பகுதியில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் தொடங்கிய ஊர் மயிலாடி. அந்த ஊர்க்காரர் மகராசன் 1799-ல் சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், திரும்பும் வழியில் தஞ்சாவூரில் வேதத்தில் சேர்ந்து வேதமாணிக்கமாக ஊர் வந்தார். அவர் அழைப்பின் பேரில் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியரான ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக உள்ளே நுழைந்தார். 1809-ல் மயிலாடியில் கோயில் எழும்பியது. வேதமாணிக்கம் போய்வந்த அதே தஞ்சாவூரில்தான் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் பாடிக்கொண்டிருந்தார். தச்சுப்பட்டறை, ஏற்றம், குறவஞ்சி என்று உழைப்பவர்களின் வடிவங்களையெல்லாம் எடுத்து அவர் கிறிஸ்தவப் பொருளை உள்ளே வைத்தார். ஏற்றம் இறைக்கிறவன் பாட்டுக்கு ‘ஞான ஏற்றப்பாட்டு’ என்றே ஒன்று உண்டு. தமிழில் இந்த உவமைக்கு மிஷனரியின் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை என்பதற்கு அவர் சாட்சி.

ரிங்கல்தௌபே 1816-ல் போய்விட்டார். 1818-ல் சார்லஸ் மீடு வந்து, மிஷனை மயிலாடியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றினார். அங்கே பள்ளிக்கூடத்தை நடத்தப் பணம் வேண்டியிருந்தது. திவானாகவும் ரெசிடெண்டாகவும் இருந்த கர்னல் மன்றோ சொல்லி ராணி கௌரி பார்வதிபாய் 5000 ரூபாய் கொடுத்தார். அதைக் கொண்டு நெல்வயல் வாங்கிப் போட்டார்கள். இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் அந்தப் பள்ளி. ஆக, நாகர்கோவிலில் இங்கிலீஷ் படிப்பு கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகமும் அறுத்த நெல்லில்தான் நடந்தது. வேதமும் விளைச்சலும் சேர்ந்த இடம் பிரசங்க பீடத்துக்கு முன்பே கணக்குப் புத்தகம்.

ஆனால் அந்த வயலில் இறங்கி வேலை செய்தவர் யார்? நாஞ்சில் நாட்டு நெல் அப்போது அடிமைகளின் கையில் விளைந்தது. புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடமானம் வைக்கப்பட்டார்கள். நாடார்கள் அரசுக்கும் ஊர்ப் பெரிய இடங்களுக்கும் கூலியில்லா ஊழியம் செய்ய வேண்டும், தலைவரி வேறு. வேதத்தில் சேர்ந்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு வாங்கித் தந்ததுதான் மன்றோ காலத்து மிஷனின் பெரிய சாதனைகளில் ஒன்று. லண்டனுக்கு எழுதிய அறிக்கைகளில் அறுவடை, திராட்சத்தோட்டம், பழுத்த வயல் என்று மிஷனரிகள் தாராளமாக எழுதிய காலம் அது. அறுத்தவனுக்கு அறுத்த நெல் சொந்தமில்லாத ஊரிலிருந்து அப்படி எழுதுவது இப்போது வாசிக்கையில் நெருடும். நியாயமாகச் சொன்னால், அவர்களில் பலருக்கே அது நெருடியது. 1847-ல் லண்டன் மிஷன்காரர்களும் மற்றவர்களும் சேர்ந்து அடிமைமுறையை ஒழிக்கச் சொல்லி மகாராஜாவுக்கு மனுக்கொடுத்தார்கள். 1853-ல் அரைகுறையாகவும் 1855-ல் முழுதாகவும் சட்டம் வந்தது.

பத்து வருஷம் கழித்து, 1865-ல், பண்டாரப் பாட்ட விளம்பரம். சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு வைத்திருந்த குடியானவன் இனி அதை விற்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், தென்னம்பிள்ளை வைத்தால் யாரும் பிடுங்க முடியாது என்று ஆனது. பழைய அடிமைகளுக்கு இதில் அதிகம் கிடைக்கவில்லை. அவர்களிடம் பாட்டமே இல்லை. பாட்டம் வைத்திருந்த நாடார்களுக்கும் மற்றவர்களுக்கும் அது பெரிய காரியம். பனையோடு தென்னை, தென்னைக்கு நடுவே வாழை, வாழைக்குக் கீழே சேம்பு, வேலியில் கிளுவை என்று வீட்டைச் சுற்றிய விளைகள் நிலைத்த சொத்தாக மாறின. மகாராஜா விசாகம் திருநாள் 1880-85 ஆண்டுகளில் ஊக்குவித்த மரச்சீனிக் கிழங்கும் அந்த விளைகளில் இடம்பிடித்தது. மாவட்டத்தின் கிழக்கே, நாஞ்சில் நாடான தோவாளை, அகஸ்தீஸ்வரத்தில் வயல். மேற்கே கல்குளம், விளவங்கோட்டில் விளை. பெருவிளை, கட்டுவிளை, பள்ளிவிளை என்று ஊர்ப்பெயர்களே பாதிக்குமேல் சொல்லிவிடும்.

சொந்த விளை இருக்கிறவனுக்கு லூக்கா 13-ஆம் அதிகாரத்துக் கதை வேறு மாதிரி கேட்கும். மூன்று வருஷமாகக் கனி தேடி வந்தும் கிடைக்காத எஜமான், அத்திமரத்தை வெட்டிப்போடச் சொல்கிறான். தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் கேட்கிறான், சுற்றிலும் கொத்தி எருப்போட்டுப் பார்க்கிறேன் என்கிறான். குமரிக்காரன் இதைக் கேட்டால் முதலில் எஜமானைப் பற்றித்தான் ஏதாவது சொல்வான். நெட்டைத் தென்னை காய்க்கவே ஆறேழு வருஷமாகும். ஈத்தாமொழி நெட்டைக்கு 2008-ல் புவிசார் குறியீடு வாங்கியவர்களிடம் மூன்று வருஷத்தில் பொறுமை இழந்தவனைக் கொண்டுபோய் நிறுத்த முடியாது. பனையோ இன்னும் மோசம்: தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள்.

தோட்டக்காரன் சொன்ன வேலை மட்டும் அச்சு அசல் இங்கத்தது. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே தென்னை மூட்டைச் சுற்றித் தடம் திறக்க வேண்டும். வேர் அறுபடாமல் வட்டமாக மண்ணை வாரி வெளியே அணைக்க வேண்டும். உள்ளே அடுப்புச் சாம்பல், சாணி உரம், கொஞ்சம் உப்பு, பூவரசந்தழை. மழை இறங்கித் தழை அழுகியதும் மண்ணை இழுத்து மூட வேண்டும். மண்டையில் காய்ந்து தொங்கும் கொதும்பையும் சில்லாட்டையையும் ஏறிச் சுத்தம் செய்யாவிட்டால் வண்டு இறங்கிவிடும். இதில் எதுவும் அன்றைக்கே காயாகத் தெரியாது. இன்று போட்ட உரத்துக்குத் தென்னை பதில் சொல்ல ஒன்றரை, இரண்டு வருஷம் பிடிக்கும். ‘விசுவாசம் வளர நாளாகும்’ என்று பிரசங்கத்தில் சொல்லித் தெரிய வேண்டிய ஜனம் இல்லை இது.

திராட்சக்கொடியை நறுக்குவது மட்டும் இந்த மண்ணுக்கு அந்நியம். அதற்கு ஈடானது பனையில் உண்டு. அக்கானி என்கிற பதநீர் இறக்குகிறவன் காலையும் மாலையும் மரமேறி, பாளையின் நுனியை அருவாளால் ஓலைத் தடிமனுக்கு ஒரு சீவு சீவுவான். ஆழமாகப் போனால் பாளை கெட்டது. சீவாமல் விட்டால் காயம் ஆறி ஊற்று அடைந்துவிடும். பருவம் முழுக்கத் தினமும் அந்தக் காயத்தைப் புதுசாக வைத்திருப்பதுதான் தொழிலே. பழைய லண்டன் மிஷன் சபைகளில் பெரும்பகுதி இந்தப் பனையேறிகளின் குடும்பங்கள். திராட்சக்கொடியைச் சொல்லும் யோவான் 15-ஐ அவர்கள் எந்த மரத்தை நினைத்துக்கொண்டு கேட்டிருப்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

ஒரே ஓர் உவமையில்தான் நாஞ்சில் நாட்டு விவசாயி முரண்டு பிடிப்பான். களையையும் கோதுமையையும் அறுப்பு வரைக்கும் சேர்ந்தே வளரவிடச் சொல்கிறது மத்தேயு 13. நெல்லோடு நெல்லாக முளைக்கும் புல் ஒன்று இங்கேயும் உண்டு. சில ஊர்களில் அதற்கு நெல்சக்களத்தி என்றே பெயர். கதிர் தள்ளும்வரை அசல் நெல் மாதிரியே நிற்கும். ஆனால் களை பறிக்கும் பெண்கள் அறுப்புவரை காத்திருப்பதில்லை. இலை தண்டோடு சேரும் மடிப்பில் நெல்லுக்கு மெல்லிய ஒரு நாக்கு இருக்கும், அந்தப் புல்லுக்கு இருக்காது. நாற்று நட்ட சில வாரங்களிலேயே, குனிந்த நடையில், ஆயிரக்கணக்கான பயிருக்கு நடுவே அதைப் பிடித்துவிடுவார்கள். களையை விட்டுவை என்று கர்த்தர் சொன்னது மனுஷரைப் பற்றி, வயலைப் பற்றி இல்லை என்று உபதேசியார் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும்.

மண்ணும் வேதமும் கைகோத்த பெரிய நாள் அறுப்பின் பண்டிகை. ஸ்தோத்திரப் பண்டிகை என்றும் சொல்வார்கள். முதற்பலனைக் கூடையில் எடுத்துப்போகச் சொல்வது உபாகமம். கோயிலுக்குள் பூசணிக்காயும் தானியமும் அடுக்கும் இன்றைய வடிவம், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மார்வன்ஸ்டோ என்ற ஊரில் ராபர்ட் ஹாக்கர் என்ற பாதிரியார் 1843-ல் நடத்திய ஆராதனையிலிருந்து பரவியது. அங்கே அது காட்சி. இங்கே ஏலம்.

ஆராதனை முடிந்து பந்தலில் ஜனம் உட்காரும். ஏத்தங்குலை, செந்துளுவன் குலை, மட்டிக்குலை, முளைவிட்ட தேங்காய், சக்கை, காச்சில், சேனை, நல்லமிளகு, கால் கட்டிய சாவல், புதுக் கருப்பட்டி, நெல் ஒரு மரக்கால். குரல் வளம் உள்ள ஒருத்தர் நடுவில் நிற்பார். ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுத்து, மூணாம் தரத்துக்கு முன் பம்பாயிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ லீவில் வந்திருப்பவரின் பக்கம் ஒரு பார்வை விடுவார். வயசான ஒருத்தி கொண்டுவந்த ஒற்றை முட்டை ஒரு குலையை விட அதிக விலைக்குப் போகும். எடுத்தவர் அதையே கோயிலுக்குத் திருப்பிக் கொடுப்பார், மறுபடியும் ஏலம். முட்டை ஒன்று, காணிக்கை நான்கு. வீம்பும் போட்டியும் இதில் தாராளமாக உண்டு. ஆனாலும் விளையில் விளைந்ததை ஊர் முன்னால் வைத்துப் பெயர் சொல்லி எடுத்துக்காட்டுகிற ஒரே மேடை அதுதான். பணம் போடுகிற பையில் அந்த முட்டைக்காரி கண்ணிலேயே படமாட்டாள்.

ஏலம் ஆண்களின் சத்தம் என்றால், பிடி அரிசி பெண்களின் கணக்கு. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் திரும்ப அள்ளித் தனிக் கலயத்தில் போட்டு, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோவது. மிசோரமில் 1910-ல் தொடங்கிய இதே வழக்கம் அங்கே சபையின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்து, 1912-ல் தோர்ணக்கல்லில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வே. ச. அசரியா, தெலுங்கு நாட்டு ஏழைச் சபைகளிடமும் விளைந்ததைக் கொடுக்கும் பழக்கத்தை வலியுறுத்தினார். வெளிநாட்டுப் பணத்தில் நிற்கும் சபை தன் காலில் நிற்காது என்பது அவர் வாதம். குமரியின் கடலோரத்தில், சவேரியார் 1544-ல் ஞானஸ்நானம் கொடுத்த மீனவ ஊர்களில், பிடிபட்ட மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு என்ற ஏற்பாட்டின் தர்க்கமும் இதேதான்.

கத்தோலிக்க வீடுகளில் வருஷம் சுற்றிவரும் ஒரு வழக்கமும் உண்டு. குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையை வீட்டில் சுரூபத்துக்குப் பின்னால் செருகிவைப்பார்கள். அடுத்த தவக்காலம் நெருங்கும்போது காய்ந்த ஓலையெல்லாம் கோயிலுக்குத் திரும்பிப் போய் எரிந்து சாம்பலாகும். அதுதான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில்.

இந்த நிலத்துக்குத்தான் ஹாட்ச் வந்தார். கே. டி. பால் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ. 1913 முதலே கிராம வேலையைப் பேசிக்கொண்டிருந்தது. 1920-களில் சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் ஸ்ரீநிகேதன் கிராம மையத்தைத் தாகூருக்காகத் தொடங்கிவைத்த லியோனார்ட் எல்மஹர்ஸ்டும் கார்னெலில் படித்தவர்தான். மார்த்தாண்டத்தின் தனித்தன்மை, தானமாக எதையும் கொடுக்கக்கூடாது என்ற பிடிவாதம். நிபுணர் கூட நின்று சொல்லித் தருவார். செய்ய வேண்டியவன் நீதான். வருஷா வருஷம் நடந்த பயிற்சிப் பள்ளிக்கு வெளி மாகாணங்களிலிருந்தும் ஆள் வந்தது. ஹாட்ச் இந்த அனுபவங்களை 1930-களில் இரண்டு புத்தகங்களாக எழுதினார். அமெரிக்க உற்சாகம் கொஞ்சம் அதிகமாகவே தெரியும் எழுத்து. குடியானவன் பரம்பரையாக அறிந்ததற்கு உரிய இடம் அதில் கிடைத்ததா என்பது விவாதத்துக்குரியது.

கோழி, நெசவு, பனஞ்சீனி எல்லாவற்றையும் தாண்டி நின்றது தேனீ. அதுவரை தேன் எடுப்பது என்றால் மரப்பொந்தில் புகைபோட்டு, அடையைப் புழுவும் முட்டையுமாகச் சேர்த்துப் பிழிவது. பெட்டி வந்ததும் அடையைச் சட்டத்தோடு உருவி, சுழற்றும் இயந்திரத்தில் தேனை மட்டும் எடுத்து, காலி அடையைத் தேனீக்கே திருப்பிக் கொடுக்க முடிந்தது. பெட்டி வைக்க ஏக்கர் வேண்டாம், விளையின் ஓரம் போதும். நிலமில்லாதவனும் அடுத்தவன் விளையில் பெட்டி வைத்துப் பிழைக்கலாம். 1865-ன் விளம்பரம் எட்டாத வீடுகளுக்கு அதனால் வழி கிடைத்தது.

1956-ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது; 1959-ல் தென்னிந்தியத் திருச்சபையின் கன்னியாகுமரிப் பேராயம் தனியானது. அப்புறம் விளைக்கு வந்த எதிரிகள் இரண்டு: ரப்பரும் வீட்டுமனையும். 2011 கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 1111 பேர். ஜனத்தொகையில் ஏறக்குறைய 47 சதவீதம் கிறிஸ்தவர். பாகம் பிரித்துப் பிரித்து, வெளிநாட்டுப் பணத்தில் வீடு எழும்பி, முற்றத்துக்குச் சிமெண்டுக் கல் பதித்தாயிற்று. அறுப்பின் பண்டிகைக் குலை இப்போது பல வீடுகளுக்கு வடசேரிச் சந்தையிலிருந்துதான் வருகிறது. போதகர்களுக்கும் இது தெரியும். ஏலத்தில் இதனால் விலை குறைந்ததில்லை.

தேனீயின் கதை மட்டும் கோணலாகத் திரும்பியது. 1991-92-ல் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி செய்தது; மார்த்தாண்டத்திலும் தொழில் படுத்துவிட்டது. தப்பிய கூடுகளைப் பெருக்கி மீண்டபோது, அவற்றுக்குத் தீனி போட்டது விளைகளை விழுங்கிய அதே ரப்பர். இலையுதிர்ந்து தளிர்க்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, மூன்று இலையும் காம்பில் சேரும் இடத்தில் ரப்பருக்குத் தேன் சுரக்கும். மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு இன்று அந்தத் தளிரின் தேன். பருவம் வந்தால் பெட்டிகளை வண்டியில் ஏற்றி, எஸ்டேட் எஸ்டேட்டாக இறக்கிவைக்கிறார்கள். ஏலத்தில் குலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் தேன் பாட்டிலுக்கும் கேள்வி நன்றாகவே இருக்கிறது.